மறைக்கிறார்களா, மறிக்கிறார்களா? பெரிய கம்பெனிகள் போட்டியை ஒழிக்கும் விதம்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்தில் நான் காலையில் டீ குடிக்கும் கடையில் வாரம் ஒருமுறையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். "தண்ணியில ஓடற வண்டிய எப்பவோ கண்டுபிடிச்சாச்சுங்க. பெட்ரோல் கம்பெனிக்காரன் அதை வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிட்டான்." சொல்பவர் ஒவ்வொரு முறையும் வேறு ஆள். வண்டி சில நாள் தண்ணீரில் ஓடும், சில நாள் காற்றில் ஓடும். பூட்டு மட்டும் மாறாது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பேச்சு நடக்கும்போதே போச்சம்பள்ளி ஸ்கூட்டர் ஆலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் கடை முன்னால் நின்று கிளம்பும். பெட்ரோல் இல்லாத வண்டியைச் செய்கிறவர்களே அதில் அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

டீக்கடைப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை. பெரிய கம்பெனிகள் போட்டியை நசுக்குவது உண்மை. கோர்ட்டில் நிரூபணமாகி அபராதம் போட்ட வழக்குகளே நிறைய உண்டு. ஆனால் நசுக்கும் விதம் அந்தப் பூட்டிய பெட்டி மாதிரி இருப்பதில்லை. ஒரு பொருளை மறைப்பது வேறு, அந்தப் பொருள் நம் கைக்கு வரும் வழியை மறிப்பது வேறு. முதலாவது மிக அபூர்வம். இரண்டாவது தினமும், பட்டப்பகலில், பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு நடக்கிறது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

முதலில் அந்தப் பூட்டிய பெட்டி

நம் ஊரில் இந்தக் கதைக்கு ஒரு முகம் உண்டு. 1996-இல் ராமர் பிள்ளை மூலிகை பெட்ரோல் கண்டுபிடித்ததாகச் சொன்னபோது தமிழ்நாடே வாயைப் பிளந்தது. தண்ணீரும் இலையும் போதும், பெட்ரோல் வந்துவிடும் என்றார். விஞ்ஞானிகள் முன்னிலையில் நடந்த சோதனையில் அது நிற்கவில்லை. ஆனாலும் "அவரை அமுக்கிட்டாங்க" என்ற பேச்சு இன்றுவரை நிற்கிறது.

தண்ணீர் ஏன் எரிபொருள் ஆகாது என்பது எளிது. ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பதுதான் தண்ணீர். அதாவது தண்ணீர் என்பது ஹைட்ரஜனின் சாம்பல். அடுப்புச் சாம்பலை அள்ளி மறுபடி அடுப்பில் போட்டுச் சோறாக்க முடியுமா? மின்சாரம் செலவழித்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கலாம்தான். ஆனால் பிரிக்க ஆன சக்தியைவிட, அதை எரித்து நமக்குத் திரும்பக் கிடைப்பது குறைவாகத்தான் இருக்கும்.

'வாங்கிப் பூட்டுவது' என்பதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஒரு கண்டுபிடிப்புக்கு அரசு தரும் தனி உரிமைக்குக் காப்புரிமை என்று பெயர். 20 ஆண்டுக்கு மற்றவர் அதைச் செய்து விற்கக்கூடாது. அந்தப் பாதுகாப்புக்கு விலையாக, கண்டுபிடித்தவர் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டும். அது பொதுவில் வெளியிடப்படும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். உரிமையை ஒருவர் வாங்கிப் பூட்டிவைத்தாலும் செய்முறை ஊருக்கே தெரிந்திருக்கும், 20 ஆண்டு முடிந்ததும் எல்லோருக்கும் சொந்தமாகிவிடும். தண்ணீர் வண்டி உண்மையாக இருந்திருந்தால், எண்ணெயை வெளிநாட்டில் வாங்கித் தவிக்கும் ஏதாவது ஒரு நாட்டு அரசு இந்நேரம் அதை ஓட்டிக் காட்டியிருக்கும்.

பெட்டியை இத்தோடு விட்டுவிடலாம். வழி எப்படி மறிக்கப்படுகிறது என்று பார்க்க ஒரு பெட்டிக்கடைக்குப் போவோம்.

கண்ணாடிக் கதவுக்குள் யாருக்கு இடம்?

என் அக்கா மகன் பஸ் நிறுத்தம் ஒன்றில் கடை வைத்திருக்கிறான். ஆறடிக்கு எட்டடி. இரண்டு வருடம் முன்பு ஒரு குளிர்பானக் கம்பெனி (பெயர் வேண்டாம்) அவனுக்குக் கண்ணாடிக் கதவு வைத்த ஃபிரிட்ஜ் ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. மூன்று பக்கம் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அவன் படிக்கவில்லை, நானும் அப்போது படிக்கவில்லை. ஃபிரிட்ஜ் வந்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தான்.

அதுவரை அவன் கடையில் நன்றாகப் போனது பன்னீர் சோடா. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கிரேட் கட்டிக் கொண்டுவந்து போடுவார். ஃபிரிட்ஜ் வந்ததும் இவன் சோடாவையும் அதற்குள் அடுக்கினான். அடுத்த வாரம் விற்பனைப் பிரதிநிதி வந்தார், கதவைத் திறந்தார், போனில் படம் எடுத்தார். திட்டவில்லை, மிரட்டவில்லை. "அண்ணே, இந்தப் படம் மேல போகும். வேற சரக்கு இருந்தா வண்டி வந்து ஃபிரிட்ஜை ஏத்திட்டுப் போயிடும். என் கையில ஒண்ணுமில்ல." அவ்வளவுதான். சோடா பாட்டில்கள் வெளியே, பிளாஸ்டிக் டப்பில் தண்ணீருக்குள் போய் உட்கார்ந்தன.

மே மாத வெயிலில் பஸ்ஸைவிட்டு இறங்குகிறவன் கேட்கும் முதல் சொல் "ஜில்லுன்னு". டப்பில் கிடக்கும் சோடா ஜில்லென்று இருக்காது. நாளைக்கு ஒரு கிரேட் போனது வாரத்துக்கு ஒரு கிரேட் ஆனது. சோடாக்காரர் அந்த நிறுத்தத்துக்கு வருவதையே விட்டுவிட்டார், பெட்ரோல் காசு கட்டவில்லை.

இங்கே என்ன நடந்தது என்று நிதானமாகப் பாருங்கள். சோடாவை யாரும் தடை செய்யவில்லை. அதன் ருசி குறையவில்லை, விலை ஏறவில்லை. வாங்குகிறவன் கைக்கும் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு வந்தது. "என் சரக்கை மட்டும் வை" என்று கடைக்காரரைக் கட்டிப்போடும் இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குப் பிரத்தியேக ஒப்பந்தம் என்று பெயர்.

அயர்லாந்தில் இதே ஃபிரிட்ஜ் சண்டை ஐஸ்கிரீமுக்கு நடந்தது. அங்கே யூனிலீவர் குழுமத்தின் ஐஸ்கிரீம் கம்பெனி கடைகளுக்கு இலவச ஃப்ரீசர் கொடுத்து, அதற்குள் தன் சரக்கு மட்டுமே இருக்க வேண்டும் என்றது. மார்ஸ் கம்பெனி உள்ளே வரப் பார்த்தது, கடைகளில் இன்னொரு ஃப்ரீசர் வைக்க இடமில்லை. புகார் போனது. 1998-இல் ஐரோப்பிய ஆணையம் அந்த நிபந்தனை செல்லாது என்றது, 2003-இல் நீதிமன்றமும் அதையே சொன்னது.

கம்பெனி பக்கத்து வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். "காசு போட்டு ஃபிரிட்ஜ் வாங்கியது நான், அதில் என் எதிரியின் பாட்டிலை ஏன் வைக்க வேண்டும்?" நியாயமான கேள்விதான். புதிதாக வரும் சின்னக் கம்பெனி ஒன்று இதைச் செய்தால் அது வியாபார சாமர்த்தியம். சந்தையில் பாதிக்கு மேல் கையில் வைத்திருப்பவர் எல்லாக் கடையிலும் இதைச் செய்யும்போதுதான் மற்றவருக்கு வழியே இல்லாமல் போகிறது. வாங்குகிறவரும் போட்டியாளரும் என்ன நினைத்தாலும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்ளும் அளவுக்குப் பலம் இருப்பதைச் சட்டம் ஆதிக்க நிலை என்கிறது. நம் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் ஆதிக்க நிலையில் இருப்பது குற்றமல்ல. அதைத் தப்பாகப் பயன்படுத்துவதுதான் குற்றம். பெரிய கம்பெனி என்றாலே திருட்டுக் கம்பெனி என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

உங்கள் சட்டைப்பையிலும் ஒரு ஃபிரிட்ஜ் இருக்கிறது. புதுப் போன் வாங்கினால் கூகுளின் தேடல், வரைபடம், பிரவுசர் எல்லாம் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கும். வேறு தேடல் ஆப் எதுவும் தடை செய்யப்படவில்லை, தேடிப் பிடித்து ஏற்றிக்கொள்ளலாம். எத்தனை பேர் ஏற்றுகிறோம்? ஆண்ட்ராய்டு போன்களில் இப்படி முன்கூட்டியே ஏற்றவைத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் சில உத்தரவுகளை நீக்கினாலும், 2023-இல் அபராதத்தை உறுதி செய்தது.

புளியமரத்தடியில் சிண்டிகேட்

ஃபிரிட்ஜ் விஷயத்தில் ஒரு பெரியவர் சின்னவரை மறித்தார். பெரியவர்கள் தங்களுக்குள்ளேயே கைகோத்துக்கொண்டால் என்ன ஆகும்?

இதைத் தருமபுரிக்காரர்களுக்கும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் விளக்கவே வேண்டியதில்லை. ரோட்டோரப் புளியமர மகசூல் ஏலம் பார்த்தவர்களுக்கு 'சிண்டிகேட்' என்ற சொல் தாய்மொழி மாதிரி. ஏலம் பதினொரு மணிக்கு என்றால், பத்து மணிக்கே நாலைந்து பேர் தள்ளி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பதினொரு மணிக்கு ஒருவர் கேட்பார், இன்னொருவர் பேருக்கு நூறு ரூபாய் ஏற்றுவார், மூன்றாமவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். மரம் அடிமாட்டு விலைக்குப் போகும். பிறகு டீக்கடைப் பின்புறம் அவர்களுக்குள் இன்னொரு ஏலம் நடக்கும், அதில்தான் உண்மையான விலை வரும். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நான் ஒருமுறை நேரில் நின்று பார்த்திருக்கிறேன். நூறு ரூபாய் ஏற்றியவர் முகத்தில் அப்படி ஒரு அப்பாவித்தனம்.

போட்டியாளர்கள் போட்டி போடாமல் விலையையோ அளவையோ இடத்தையோ பேசி வைத்துக்கொள்வதுதான் சிண்டிகேட். சட்டப் புத்தகத்தில் கார்ட்டெல் என்று இருக்கும். பொருள் ஒன்றுதான்.

டார்ச் லைட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போடும் பேட்டரி கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எவரெடி, நிப்போ, பானசோனிக் மூன்றும் விலையைப் பேசி வைத்து ஏற்றின என்று 2018 ஏப்ரலில் போட்டி ஆணையம் தீர்ப்புச் சொன்னது. எவரெடிக்குச் சுமார் 171 கோடி, நிப்போவுக்குச் சுமார் 42 கோடி அபராதம். அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். பானசோனிக்கிற்கு? ஒரு ரூபாய்கூட இல்லை. ஏனென்றால் ஆணையத்திடம் முதலில் போய் "நாங்கள் மூவரும் இப்படிச் செய்தோம்" என்று ஒப்புக்கொண்டது அதுதான்.

இது அநியாயமாகத் தோன்றும், எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் சிண்டிகேட்டின் உயிர்நாடியே உறுப்பினர்கள் ஒருவரையொருவர் நம்புவதுதான். முதலில் காட்டிக்கொடுப்பவருக்கு மன்னிப்பு என்று சட்டம் வைத்துவிட்டால், ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பிப்பார்கள். புளியமரத்தடியில் இப்படி ஒரு விதி இருந்தால் பத்து மணிக் கூட்டத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

சிமெண்ட் வழக்கு இன்னும் பெரிது. 2012-இல் 11 சிமெண்ட் கம்பெனிகளுக்கு 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். தங்கள் சங்கத்தின் வழியாக விலையையும் உற்பத்தி விவரத்தையும் பகிர்ந்துகொண்டு ஒன்றாக நடந்தார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. 2015-இல் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. வாதத்தைக் கேட்காத ஆணையத் தலைவர் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டிருந்தார் என்பது காரணம். மறுபடி விசாரித்து 2016-இல் மறுபடி அபராதம், 2018-இல் உறுதி, அதன் பிறகு உச்ச நீதிமன்றம். வீடு கட்ட மூட்டை வாங்கியவர்கள் அந்த வீட்டில் பேரன் பேத்தி பார்த்துவிட்டார்கள்.

பேட்டரியிலும் சிமெண்டிலும் நடந்தது விலை விஷயம். சிண்டிகேட் சேர்ந்து நல்ல பொருளையே ஒழித்த கதையும் உண்டு, டீக்கடைப் பேச்சுக்கு மிகப் பக்கத்தில் வரும் உண்மைச் சம்பவம் அதுதான். 1924 டிசம்பரில் ஜெனிவாவில் ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலிய உலகின் பெரிய பல்ப் கம்பெனிகள் கூடின. ஃபீபஸ் என்று தங்கள் கூட்டுக்குப் பெயர் வைத்தன. அப்போது பல்ப் 1,500 மணி நேரம், அதற்கு மேலும் எரிந்துகொண்டிருந்தது. இனி 1,000 மணி நேரம் போதும் என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் பல்ப்பைச் சுவிட்சர்லாந்தில் இருந்த சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதிக நேரம் எரிந்தால் அந்தக் கம்பெனிக்கு அபராதம்! நன்றாகச் செய்ததற்குத் தண்டம் கட்டிய தொழில் உலகத்தில் வேறு இருக்குமா தெரியவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்து அந்தக் கூட்டு கலைந்தது.

இதிலும் ஒரு மறுபக்கம் உண்டு. குண்டு பல்ப்பை நீண்ட நாள் எரியும்படி செய்தால் வெளிச்சம் குறையும், அதே வெளிச்சத்துக்குக் கரண்டு கூடுதலாக இழுக்கும். ஆகவே 1,000 மணி நேரம் என்பது முழுக்க ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் எது வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர் வாங்குகிறவர். அந்த முடிவை ஜெனிவாவில் எடுத்துவிட்டார்கள், மறித்தது அதைத்தான்.

இதுவரை பார்த்தவை இரண்டு: கடைக்குப் போகும் வழியை ஒருவர் மறிப்பது, பலர் சேர்ந்து பேசி வைப்பது. இரண்டிலும் எந்தக் கண்டுபிடிப்பும் பெட்டியில் பூட்டப்படவில்லை. நீண்ட நாள் எரியும் பல்ப்பை எப்படிச் செய்வது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

மாங்காய் விலை விழுந்தால் சிண்டிகேட்டா?

விற்பவர்கள் மட்டுமல்ல, வாங்குகிறவர்களும் ஆதிக்கம் செய்யலாம். வாங்க ஆள் சிலர், விற்க ஆள் ஆயிரக்கணக்கில் என்றால் விலையை வாங்குகிறவரே சொல்வார். வாங்குவோர் ஆதிக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

நம் மாவட்டத்துப் பெங்களூரா மாங்காய் இதற்கு நல்ல பாடம். சேலம் பக்கத்து மல்கோவாவும் இமாம்பசந்தும் மாதிரி வீட்டுக்கு வாங்கித் தின்னும் பழமல்ல அது. பெரும்பகுதி ஜூஸ் ஃபேக்டரிக்குத்தான் போகும், மாங்கூழாகி டின்னில் ஏறும். மே கடைசியில் தொடங்கி ஜூலைக்குள் எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் காய் திரண்டு நிற்கும். நெல்லைப் போலக் குதிரில் போட்டு விலைக்குக் காத்திருக்க முடியாது. பறித்த காயோடு டிராக்டர் ஃபேக்டரி வாசலில் இரண்டு நாள் நின்றால், மேலே இருக்கும் காய் பழுத்து அடியில் இருப்பது அழுகும். அந்த வாசலில் நின்று பேரம் பேசுபவருக்கு என்ன பலம் இருக்கும்? 2025 சீசனில் விலை கிலோவுக்கு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியபோது பறிக்கூலிகூடக் கட்டாமல் மரத்திலேயே விட்டவர்கள் உண்டு.

சீசன்தோறும் இரண்டு சொல் கேட்கும். ஒன்று விவசாயி, ஃபேக்டரி, அதிகாரிகள் உட்கார்ந்து விலை பேசும் 'முத்தரப்புக் கூட்டம்', இன்னொன்று 'சிண்டிகேட்'. இங்கே நான் கொஞ்சம் கசப்பானதைச் சொல்ல வேண்டும், என் சொந்தக்காரர்களே மாந்தோப்பு வைத்திருந்தாலும். எல்லா ஃபேக்டரியும் ஒரே விலை சொல்வது மட்டும் சிண்டிகேட்டுக்குச் சாட்சி ஆகாது. போன வருடக் கூழ் டின் டின்னாகக் கிடங்கில் தேங்கி, ஏற்றுமதியும் மந்தமாகி, இந்த வருடம் மகசூலும் கொட்டினால், பேசி வைக்காமலேயே எல்லோரும் குறைந்த விலைதான் சொல்வார்கள். மழை பெய்தால் தெருவில் எல்லோரும் குடை பிடிக்கிறார்கள், கூட்டம் போட்டுப் பேசியா பிடிக்கிறார்கள்?

சிண்டிகேட் என்று நிரூபிக்க அதற்கு மேல் ஏதாவது வேண்டும். பேசியதற்கான தடயம், கூட்டம் நடந்த மறுநாளே விலை மாறிய கணக்கு, சரக்குக்கு அடிபிடி இருந்த வருடத்திலும் விலை ஏறாத விசித்திரம், இந்த மாதிரி. ஆணையங்கள் தேடுவது இவற்றைத்தான். தடயம் இல்லாவிட்டால் விவசாயிக்கு நஷ்டம் இல்லை என்று பொருளல்ல. நோய் வேறு, அதற்கு மருந்தும் வேறு என்றுதான் பொருள். சிண்டிகேட் என்றால் வழக்குப் போடலாம். சரக்குத் தேக்கம் என்றால் வழக்கு ஒன்றும் செய்யாது, காய்க்கு வேறு வழி திறக்க வேண்டும்.

வாங்கி மூடுவது

பூட்டிய பெட்டிக் கதைக்கு இன்னொரு உறவுக்காரக் கதை, போட்டியாளரையே விலைக்கு வாங்குவது. 1977-இல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனது. 1993-இல் திரும்பி வந்தபோது பார்லே கம்பெனியிடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட், மாசா எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கியது. சரக்கைவிட முக்கியம், அந்தச் சரக்கை ஊர் ஊராகக் கொண்டுபோன பாட்டில் ஆலைகளும் வண்டித் தடங்களும் கடைத் தொடர்பும். ஆரஞ்சு நிறக் கோல்ட் ஸ்பாட் கொஞ்ச நாளில் கடையிலிருந்து மறைந்தது. என் வயதுக்காரர்களுக்கு இன்றும் அந்த ருசி நாக்கில் நிற்கிறது. ஆனால் தம்ஸ் அப்பை ஒழிக்க முடியவில்லை, மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வாங்கியவரே அதை வளர்த்தார். வாங்கினாலே கொன்றுவிடுவார்கள் என்பதும் விதி இல்லை.

அண்மையில் நடந்ததைப் பாருங்கள். பழைய கேம்பா கோலாவை 2022-இல் ரிலையன்ஸ் வாங்கி, 2023-இல் மறுபடி இறக்கியது. இப்போது பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. நம் சோடாக்காரரால் திறக்க முடியாத கண்ணாடிக் கதவை அது எப்படித் திறந்தது? சொந்தமாகக் கடைகள், சொந்தமாக லாரிகள், சொந்தமாக ஃபிரிட்ஜ். மறித்த வழியை உடைக்க இன்னொரு யானை தேவைப்பட்டது. அந்த யானை நாளைக்கு வழியில் படுத்துக்கொள்ளாது என்று யார் சொல்வது?

குத்தகையை நீட்டுவது

காப்புரிமையை மேலே ஒருமுறை தொட்டோம். ஏரி மீன் குத்தகையோடு ஒப்பிட்டால் இன்னும் புரியும். ஏலம் எடுத்தவர் குறிப்பிட்ட காலத்துக்கு மீன் பிடிக்கலாம், மற்றவர் வலை போடக்கூடாது. காலம் முடிந்தால் ஏரி ஊருக்கு. இப்போது குத்தகைதாரர் வந்து, "வலைக்கு நீலச் சாயம் போட்டிருக்கிறேன், இது புது வலை, ஆகவே புதுக் குத்தகை கொடுங்கள்" என்றால்?

மருந்துக் கம்பெனிகள் சில இதைத்தான் செய்யும். பழைய மருந்தின் வேதி உப்பு வடிவத்தையோ மாத்திரையின் மேல்பூச்சையோ கொஞ்சம் மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்கும். காப்புரிமை நீட்டிப்பு என்று சொல்லலாம். நம் காப்புரிமைச் சட்டத்தில் 2005-இல் இன்றைய வடிவத்துக்கு வந்த 3(டி) பிரிவு இதற்கு முட்டுக்கட்டை. மருந்தின் குணமாக்கும் ஆற்றல் கூடினால்தான் புது உரிமை. இந்தப் பிரிவை வைத்தே 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், இரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் மாற்று வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட உரிமையை மறுத்தது. அதற்கு முந்திய ஆண்டு இன்னொரு வழக்கில், பேயர் கம்பெனி மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்ற நெக்ஸாவர் என்ற புற்றுநோய் மருந்தை, காப்புரிமைக் காலத்திலேயே ஹைதராபாத் நாட்கோ கம்பெனி தயாரிக்கலாம் என்று அரசு கட்டாய உரிமம் கொடுத்தது. நாட்கோ விலை 8,800 ரூபாய்.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே மருந்து, அதே வேலை. மருந்துக்கு நடுவில் இருந்த வேலியின் விலை அந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறது. அதற்காகக் காப்புரிமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புது மருந்து கண்டுபிடிக்க ஆகும் செலவு வேறெங்கிருந்து வரும்? குத்தகை இருக்கலாம், சாயம் போட்டு நீட்டுவதுதான் தகராறு.

சட்டத்தையே வேலியாக்குவது

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது வெண்ணெய்க் கதை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மார்கரின் வந்தது. நம் டால்டாவுக்குத் தூரத்து உறவு, வெண்ணெயைவிட மலிவு. பால் பண்ணைக்காரர்கள் பதறினார்கள். 1886-இல் மார்கரினுக்குத் தனி வரி வந்தது. நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சில மாநிலங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், மார்கரினுக்கு இளஞ்சிவப்புச் சாயம் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் போட்டன. ரோஸ் நிறத்தில் ரொட்டிக்குத் தடவ யாருக்கு மனசு வரும்? 1898-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை அடித்தது. பிறகு 1902-இல், மஞ்சள் சாயம் போட்ட மார்கரினுக்கு மட்டும் வரி பவுண்டுக்கு பத்து சென்ட் ஆனது. ஆகவே கம்பெனிகள் வெள்ளையாக விற்றன, வீட்டில் கலந்துகொள்ளச் சாயத்தைத் தனியாகக் கொடுத்தன. 1950 வரை அந்த வரி இருந்தது. கனடாவில் நெடுங்காலம் மார்கரினுக்குத் தடையே இருந்தது.

எல்லாம் "மக்கள் ஏமாறக்கூடாது" என்ற பெயரில். அந்தக் காரணத்தில் பாதி உண்மையும் இருந்தது, மார்கரினை வெண்ணெய் என்று விற்ற திருடர்களும் இருந்தார்கள். இதனால்தான் இந்த வகையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நல்ல காரணத்தையும் வேலியையும் ஒரே காகிதத்தில் எழுதியிருப்பார்கள்.

மறுபடி போச்சம்பள்ளி பஸ்

அப்படியென்றால் மின்சார வண்டி ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? பெட்ரோல்காரர்கள் கையே இல்லையா?

பாதி இருக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ், டயர், எண்ணெய்க் கம்பெனிகள் சேர்ந்து நகரங்களின் டிராம்களை ஒழித்தன என்று சொல்வார்கள். 1949-இல் அவர்களுக்குத் தண்டனை கிடைத்தது நிஜம். ஆனால் எதற்கு? தாங்கள் பணம் போட்டிருந்த பஸ் கம்பெனிகளுக்கு வண்டியும் டயரும் எண்ணெயும் தாங்களே விற்கும்படி வழியை மறித்ததற்கு. நகரப் போக்குவரத்தையே கைப்பற்றச் சதி செய்தார்கள் என்ற குற்றச்சாட்டில் விடுதலை. கம்பெனிக்கு அபராதம் 5,000 டாலர்! டிராம்கள் அதற்கு முன்பே நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தன. 1990-களில் அதே ஜெனரல் மோட்டார்ஸ் ஈவி1 என்ற மின்சாரக் காரை வாடகைக்கு மட்டும் விட்டு, பிறகு திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை நசுக்கியது. ஏன் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள்.

மீதிப் பாதி பேட்டரி. 2010-க்கும் 2020-க்கும் நடுவில் லித்தியம் பேட்டரி விலை சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அதற்குப் பிறகுதான் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ஆலை எழும்பியது. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் பிறந்த அதே ஓசூரில் இன்று டி.வி.எஸ்.ஸும் ஏதரும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. பெட்டியில் பூட்டியிருந்த எதையும் யாரும் திறக்கவில்லை. விலை இறங்கியது, வழி திறந்தது.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் அக்கா மகனிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டே பாட்டில் அடுக்கினான். போட்டி ஆணையத்தில் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்றேன். நிமிர்ந்தான்.

"எவ்ளோ ஆகும் மாமா?"

"தனி ஆளுக்குக் கட்டணம் 5,000 ரூபாய். வக்கீல் தனி."

"எப்ப முடியும்?"

சிமெண்ட் வழக்கைச் சொன்னேன். சிரித்துவிட்டான். "அந்த அஞ்சாயிரத்துக்கு ஓசூர்ல பழைய ஃபிரிட்ஜே கிடைக்கும், போ."

போன மாதம் வாங்கியும் விட்டான். ஒற்றைக் கதவு, வெளுத்த நீலம். இலவச ஃபிரிட்ஜுக்கு இடது பக்கம், பிஸ்கட் டப்பாக்களை நகர்த்தி இடம் பண்ணியிருக்கிறான். கதவு ரப்பர் தேய்ந்து சரியாக மூடுவதில்லை, சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துக் கட்டியிருக்கிறான். சோடாக்காரருக்குப் போன் போட்டிருக்கிறானாம். திங்கட்கிழமை ஒரு கிரேட் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார், ஒன்றே ஒன்று.